எருமை இறங்காத ஏரி: புதுச்சேரி, கடலூர் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன் இரவு

மத்தியானம் இரண்டு மணிக்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. பங்குனிக் கடைசியில் ஏரி பார்க்கக் கிளம்பியிருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் வீட்டில் வேறு காரணம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். எல்லாரும் கடற்கரைப் பக்கம் நடக்க, நான் பத்துக்கண்ணு பக்கம் போகிற டவுன் பஸ்ஸைத் தேடினேன்.

உண்மையான காரணம் இதுதான். ஆடு மாடு மேய்ந்தால் காடு அழியும், பறவை ஓடிவிடும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். சில மாதங்களுக்கு முன், ராஜஸ்தானின் பரத்பூர் பறவைப் பூங்காவில் மேய்ச்சலை நிறுத்திய கதையைப் படித்தேன். அந்தப் பாடத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நம் பக்கத்து ஏரிக்கரைகளில் மாடும் பறவையும் எப்படித்தான் சேர்ந்து பிழைக்கின்றன, போய்ப் பார்த்துவிடுவோமே என்று ஐந்து நாள் ஒதுக்கினேன். கடலூர் முதுநகரில் சித்தப்பா வீடு இருக்கிறது. சாப்பாட்டுக்கும் கவலையில்லை.

ஊசுட்டேரி நகரத்துக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஏறத்தாழ 800 ஹெக்டேர். பாதி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. புதுச்சேரி தன் பங்கை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாடும் தன் பங்கை அறிவித்தது. கரையில் நின்று பார்த்தபோது எது எந்த மாநிலத்து நாமக்கோழி என்று எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. ஓரத்துச் சம்புக்குள் நீலத் தாழைக்கோழிகள் இரண்டு, நீளமான விரலை விரித்து விரித்து நடந்தன. தூரத்தில் கூழைக்கடா ஒன்று, கல் மாதிரி.

கரைக்கு வெளியே, சாலையோரப் பள்ளத்தில் மூன்று எருமைகள் மூக்கு மட்டும் தெரியக் கிடந்தன. பக்கத்தில் புளியமர நிழலில் ஓர் ஆயா, மடியில் வெற்றிலைப் பை.

"எத்தனை உருப்படி ஆயா?"

"மூணுதாம்ப்பா. முன்ன பதினஞ்சு இருந்துது."

ஏரிக்குள் எருமை இறங்கினால் பறவைக்குத் தொந்தரவு இல்லையா என்று கேட்டேன். கேட்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை போல. வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார். "எரும மேயத்தான் எறங்குதுன்னு நெனச்சிக்கினியா? அது உள்ள போயி படுத்து பொரண்டு எழுந்தாத்தான் நடுவுல தண்ணி தெரியும். எறங்கலன்னா சம்பு மூடிக்கும். மூடிக்கினா கொக்கு எங்க போயி நிக்கும், ஒங்கூட்டு மாடியிலயா?"

பரத்பூரில் பத்து வருடம் ஆராய்ந்து கண்டுபிடித்ததும் ஏறக்குறைய இதைத்தான். ராஜஸ்தானில் உள்ள அந்தக் கேவலாதேவ் பூங்காவில் 1982இல் மேய்ச்சலை அடியோடு நிறுத்தினார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எருமைகளோடு வந்து நின்றார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. தடையைக் கேட்டவர்களில் பறவை அறிஞர்களும் உண்டு. அதே காலத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வி. எஸ். விஜயன் தலைமையில் அங்கே நீண்ட ஆய்வு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. எருமை போனபிறகு பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் ஏரியைப் போர்வை போல மூடியது. திறந்த தண்ணீர் குறைந்தது, மீன் குறைந்தது, வாத்துகளுக்கு இறங்க இடமில்லை. எருமை மேய்ச்சல் திரும்ப வேண்டும் என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு. தடை கேட்ட பக்கத்திலிருந்தே இப்படி ஒரு முடிவு வந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம். பின்னாளில் ஊர்க்காரர்களைப் புல் அறுக்க அனுமதித்தார்கள். ஆனால் அரிவாள் புல்லை அறுக்குமே தவிர, தண்ணீரில் படுத்துப் புரளாது.

இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு திரும்பினேன். கொசு பிய்த்து எடுத்துவிட்டது.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்று எழுத அதிகமில்லை. வெயிலில் தலைவலி. பாதி நாள் அறையிலேயே போய்விட்டது.

சாயங்காலம் ஆரோவில் பக்கம் போனேன். நேற்றைய நாளுக்கு நேர் எதிர்ப்பாட்டு இங்கே. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மழை அரித்த வெறும் செம்மண். முதலில் வந்தவர்கள் செய்த வேலை வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்தியதும், ஆடு மாடு வராமல் வேலி கட்டியதும்தான். அதன்பிறகுதான் கன்று பிழைத்தது. இன்று உள்ளே நடந்தால் மதியத்திலும் நிழல். இந்தக் கடற்கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் பலவற்றை அங்கே மீட்டு வளர்க்கிறார்கள்.

ஆக, ஆயா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு எல்லா இடத்திலும் மாட்டை ஓட்டிவிட முடியாது. தண்ணீரில் நிற்கிற சம்பு வேறு, செம்மண்ணில் துளிர்க்கிற கன்று வேறு. வெள்ளாடு ஒரு துளிரை ஒரு தடவை கடித்தால் அந்த மரத்துக்கு ஒரு வருடம் போச்சு.

மூன்றாம் நாள், சனி, முதுநகர்

காலையில் பாகூர். ஏரி ஓரத்தில் தண்ணீர் வடிந்த இடமெல்லாம் புல் முளைத்து, பசுவும் வெள்ளாடும் கலந்து நாற்பது ஐம்பது உருப்படி மேய்ந்தன. குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாயை மட்டும் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம். போரடிக்கவே இல்லை.

பசுவுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கை வளைத்துப் புல்லைச் சுருட்டி, இழுத்து, பிய்க்கிறது. அதனால் ஒட்ட மேயாது. ஓரிடத்தில் முழம், ஓரிடத்தில் சாண் என்று மேடும் பள்ளமுமாக விட்டுவிட்டுப் போகும். சாணி போட்ட இடத்தைச் சுற்றிலும் சில வாரம் வாயே வைக்காது, அங்கே மட்டும் புல் குடுமி மாதிரி நிற்கும். வெள்ளாட்டுக்கும் மேல் முன்பல் இல்லைதான். ஆனால் குறுகிய வாய், சுறுசுறுப்பான உதடு, முள்ளுக்கு நடுவில் இருக்கிற இலையைக்கூடத் தேடி எடுக்கிறது. செம்மறி தரையோடு தரையாக நறுக்கும். குதிரைக்கு மேலும் கீழும் பல் உண்டு, அது கத்தரித்தது போலவே வெட்டும். எந்த மிருகத்தை விடுகிறோமோ அதற்கேற்ற மாதிரிதான் நிலம் ஆகும், நிலத்துக்கேற்ற மாதிரிதான் பறவை வரும். பாகூரில் இன்று குட்டைப்புல்லில் ஆட்காட்டி, மஞ்சள் வாலாட்டி, நெட்டைக்காலி. குடுமிப் புல்லுக்குள் சிலம்பன் கூட்டம். ஒரே மைதானத்தில் இரண்டு வகை ஊர்.

உண்ணிக்கொக்குகள் ஒரு மாட்டுக்கு இரண்டு மூன்று என்று பங்கு பிரித்துக்கொண்டு நடந்தன. சிலவற்றுக்குத் தலையில் மஞ்சள் ஏற ஆரம்பித்துவிட்டது, கூடு கட்டும் காலம் நெருங்குகிறது. மாடு காலை எடுத்து வைக்கும்போது வெட்டுக்கிளி எழும்புகிறது, கொக்கு கொத்துகிறது. தனியாகத் தேடும் கொக்கைவிட மாட்டின் பின்னால் போகிற கொக்குக்குக் குறைந்த நடையில் அதிக இரை என்று எண்ணிப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு குச்சியை எடுத்துக் காய்ந்தும் காயாத சாணியைக் கிளறினேன். சாணி வண்டு, அதன் புழு, ஈயின் புழு என்று உள்ளே ஒரு கல்யாணக் கூட்டம். ஸ்கூட்டரில் போன பெண் ஒருவர் வண்டியை நிறுத்தி, "சார், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்றார். நிஜமான அக்கறை. "இல்லம்மா, வண்டு பாக்குறேன்" என்றேன். அவர் கிளம்பிய வேகத்திலிருந்து என்ன நினைத்தார் என்று தெரிந்தது. மாட்டுக்குக் கொடுக்கிற குடற்புழு மருந்துகளில் ஐவர்மெக்டின் போன்றவை சாணியோடு வெளியேறி இந்தப் புழுக்களையும் கொல்லும். மருந்து போட்ட மாட்டின் சாணி வெறும் சாணிதான், அதில் வாலாட்டிக்கு ஒன்றும் கிடைக்காது.

குட்டைப்புல் என்றதும் இங்கிலாந்தின் ஒரு நீலப் பட்டாம்பூச்சி ஞாபகத்துக்கு வந்தது. அதன் கம்பளிப்புழு தரையில் விழுந்து, ஒருவகைச் செவ்வெறும்பை ஏமாற்றி, அதன் புற்றுக்குள்ளேயே போய் எறும்பின் குஞ்சுகளைத் தின்று வளரும். பட்டாம்பூச்சி அருகிப்போனபோது, பிடித்துக்கொண்டு போகிறவர்களால்தான் அழிகிறது என்று நினைத்து ஓரிடத்தில் வேலியே போட்டார்கள். வேலி மாட்டையும் நிறுத்தியது. 1950களில் முயல்களுக்கு ஒரு கொள்ளைநோய் வந்து அவையும் மாண்டன. புல் சில அங்குலம் உயர்ந்தது. தரையில் வெயில் படவில்லை. சூடான மண் வேண்டிய அந்த எறும்பு இடத்தைக் காலி செய்தது. 1979இல் பட்டாம்பூச்சி அந்த நாட்டிலிருந்தே ஒழிந்தது. ஜெரமி தாமஸ் என்ற ஆராய்ச்சியாளர் எறும்பின் கதையைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. பிறகு ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், இந்தத் தடவை மேய்ச்சலோடு. இப்போது பறக்கிறது.

மத்தியானம் கடலூர் பஸ். வழியில் வாய்க்கால் நெடுக ஊதாப் பூவோடு நெய்வேலிக் காட்டாமணக்கு. கடலூர் மாவட்டத்து ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கும் தென்னமெரிக்கச் செடி. விஷம் என்பதால் ஆடு மாடு ஒதுக்கிவிடும். சுற்றியுள்ள மற்றதையெல்லாம் மேய்ந்துவிட, போட்டியில்லாமல் இது மட்டும் செழிக்கிறது. மேய்ச்சலால் ஆகாத காரியமும் உண்டு என்பதற்கு வாய்க்காலுக்கு வாய்க்கால் சாட்சி.

ராத்திரி சித்தப்பாவிடம் பாகூர் கதையை ஆர்வமாகச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். தெருவில் பன்னிரண்டு புங்கங்கன்று நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர். ஒரே வாரத்தில் பதினொன்றைத் தெரு மாடு மொட்டையடித்துவிட்டது.

"ஒன் பட்டாம்பூச்சி கதைய எம் புங்கங்கன்னுகிட்ட போயி சொல்லு" என்றார். சித்தி மீன் குழம்பை நகர்த்தி வைத்து, "அவன சாப்பிட வுடுங்க" என்றார்.

நான்காம் நாள், ஞாயிறு, காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து

இந்தப் பயணத்துக்கே இந்த ஒரு நாள் போதும்.

சிதம்பரத்தில் பஸ் மாறிக் காட்டுமன்னார்கோயில் போகும் வழியில் வீராணம். பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலத்து ஏரி, பதினான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2004இலிருந்து சென்னைக்குக் குடிதண்ணீர் அனுப்புகிறது. நான் தேடி வந்தது ஏரியை இல்லை. இந்த ஓரத்து வயல்களில் கிடை போட்டிருக்கிறார்கள் என்று சித்தப்பாவின் சிநேகிதர் சொல்லியிருந்தார்.

சம்பா அறுத்த தாளடியில் உளுந்தும் பயறும் இருந்ததால் தை மாசியில் ஆட்டை விட முடியாது. உளுந்து எடுத்தபிறகுதான் வயல் ஆட்டுக்குத் திறக்கும். இரண்டு மைல் நடந்து போனேன். வெள்ளையும் பழுப்புமாக ஐந்நூறு செம்மறி, நாலு நாய், பனையோலையில் ஒரு கூடாப்பு, அதற்குள் பிறந்து மூன்று நாளான குட்டிகள். ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். மந்தைக்குத் தலைவரான கீதாரிக்கு அறுபது வயதிருக்கும். வணக்கம் சொன்னதும் முதலில் என் செருப்பைப் பார்த்தார், பிறகு முகத்தை. "ஆபீசரா?" இல்லை என்று நம்ப வைக்க ஒரு டீ நேரம் ஆயிற்று.

கிடை என்பது இரவில் ஆட்டை ஒரு வயலில் மடக்கி வைப்பது. விடியும்போது வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும். வயல்காரர் தலைக்கு இவ்வளவு என்று காசோ நெல்லோ கொடுப்பார். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்பார்கள். புழுக்கை உடனே வேலை செய்யும், சாணி நிதானமாகச் செய்யும். வயல்காரர் ஓர் இரவு கூடுதலாக இருக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். கீதாரி அசையவில்லை.

ஏன் அண்ணே, காசு வருகிறதே என்றேன்.

"தம்பி, ஒரு எடத்துல ரெண்டு ராத்திரி கெடந்தா எரு. பத்து ராத்திரி கெடந்தா நெலத்துக்குப் புண்ணு. வரப்புப் புல்லு அடிமண்ணு தெரியுற வரைக்கும் ஆட்ட விட்டேன்னு வைங்க, அடுத்த வருசம் எவன் கூப்பிடுவான் என்னைய? நகந்துக்கிட்டே இருக்கணும். அம்புட்டுத்தேன்."

நெதர்லாந்தில் ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்று ஓரிடம் உண்டு. கடலிலிருந்து மீட்ட சதுப்புநிலம். 1980களில் பறவைகளுக்காகவே அங்கே காட்டுத்தனமான மாடுகளையும் குதிரைகளையும் விட்டார்கள், 1992இல் மான்களையும் சேர்த்தார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் சுற்றிலும் வேலி, உள்ளே வேட்டை விலங்கு இல்லை, பஞ்ச காலத்தில் வேறிடம் போக வழியும் இல்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், புல் தரையோடு ஒட்டியது. 2017-18 குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் போயின. பெரும்பாலானவை பட்டினியில் சாகுமுன் சுடப்பட்டவை. வேலிக்கு மேலே வைக்கோல் வீசப் பொதுமக்கள் வந்து நின்றார்கள். இதைக் கீதாரியிடம் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மேய்க்க ஆளு இல்லையா அங்க?" என்று மட்டும் கேட்டார்.

வேலிக்கருவை என்கிற சீமைக்கருவேலம் பற்றி நானே பேச்சை எடுத்தேன். அதன் நெத்தை, அதாவது காய்ந்த காயை, ஆடு மாடு ஆசையாகத் தின்னும், விதை குடலில் செரிக்காமல் வந்து எருவோடு முளைக்கும். அந்த மரம் நாடெங்கும் பரவியதில் மேய்கிற வாய்க்குப் பெரிய பங்கு உண்டு. மறுக்கவில்லை. "மாசி பங்குனியில எங்க ஊர்ல வேற என்ன இருக்கு? நெத்துதேன் ஆட்டுக்குச் சோறு. இங்க வந்து கழியுது, மொளைக்குது. வயல்ல மொளைச்சா உழவுல போயிரும். ஏரிக்குள்ள மொளைச்சாத்தேன் வினை." ஏரிக்குள் கிடை போடுவீர்களா என்றேன். சிரித்துவிட்டு நாயைக் கூப்பிட்டார்.

காட்டுப் பக்கம் போவது இப்போது பயமாகிவிட்டது என்றார். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. இரண்டாவது செய்தி இவர்வரைக்கும் வரவில்லை. முதல் செய்தி மட்டும் நன்றாக வந்து சேர்ந்திருக்கிறது.

ராத்திரி அங்கேயே தங்கினேன். கம்பளி கொடுத்தார்கள், நாற்றம் என்று சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன். இரண்டு மணி இருக்கும், நாய்கள் ஒரே பக்கமாகப் பாய்ந்தன. டார்ச் வெளிச்சத்தில் வரப்பின்மேல் இரண்டு கண். நரி. இளைஞன் ஒருவன் தடியைத் தட்டிக்கொண்டு ஓடினான். போன வாரம் ஒரு குட்டி போயிற்றாம். பறவைக்கும் பூச்சிக்கும் மேய்ச்சல் நல்லது என்று பகலெல்லாம் பேசியவன் நான். நரிக்கும் நல்லதுதான், அந்தக் கணக்கு கீதாரி தலையில் விழுகிறது. கேட்டதற்கு, "அதுவும் திங்கணும்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். ஆனால் தூங்கவில்லை. பீடி நெருப்பு வெகுநேரம் தெரிந்தது.

விடிந்ததும் ஆடு எழுந்த வயலில் மைனாவும் வாலாட்டியும் இறங்கிவிட்டன. பக்கத்து வயலில் வாத்துக்காரர் ஒருவர் ஆயிரம் வாத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். சிந்தின மணி, நத்தை, புழு எல்லாம் அவற்றுக்கு. செம்மறியும் வாத்தும் எதிரெதிரே வந்தபோது நடந்த கூச்சலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திராணியில்லை.

ஐந்தாம் நாள், திங்கள், முதுநகர்

கிள்ளை வழியாகப் பிச்சாவரம். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனேன். படகுக்காரர் ஐம்பது வயதுக்காரர், பேசிக்கொண்டே துடுப்பு போட்டார்.

இந்தக் காடு நடுவில் நடுவில் மொட்டையானபோது, உள்ளூர்க்காரர்கள் மாடு மேய்த்ததாலும் விறகு வெட்டியதாலும்தான் என்று வெகுகாலம் பேசப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் மண்ணையும் பழைய ஆவணங்களையும் பார்த்தபோது வேறு கதை வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள்வரை காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒரு கூறை அடியோடு வெட்டி எடுத்திருக்கிறார்கள். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து அமுங்கித் தொட்டி மாதிரி ஆனது. உள்ளே வந்த கடல்தண்ணீர் வெளியே போக முடியாமல் வற்றி வற்றி உப்பு ஏறியது. அதில் எந்த விதை முளைக்கும்? மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதம் வந்து போக வழி செய்து, ஊர்க்காரர்களோடு சேர்ந்து நட்டார்கள். பிடித்துக்கொண்டது. வாய்க்காலின் இரண்டு பக்கமும் அந்தக் கன்றுகள் இன்று மரமாக நிற்கின்றன. இளங்கன்றை மாடு கடிப்பதும் நிஜம்தான், நடுகிற இடத்தில் அதைக் காக்கத்தான் வேண்டும். முதல் குற்றவாளி அது இல்லை, அவ்வளவே.

"மாட்டு மேல சொன்னா அது வந்து இல்லன்னு சொல்லுமா சார்?" என்றார் படகுக்காரர். பிறகு தலையைக் குனியச் சொன்னார், கிளை இடிக்கும் என்று.

வெயில் தாழ வீடு வந்தேன். காட்டுமன்னார்கோயில் கம்பளியின் வாசம் இன்னும் சட்டையில் இருக்கிறது, சித்தி அதை வாளியில் தனியாக ஊறப்போட்டிருக்கிறார். சித்தப்பா பிழைத்த ஒற்றைப் புங்கனுக்கு இரும்புக் கூண்டு வாங்க வேண்டுமாம். நாளைக் காலை நானும் கூடப் போகிறேன். கூண்டு கனம், ஆள் வேண்டும்.